சர்க்கரையும் இதய நோயும் உள்ளவருக்குப் பழச்சாறு: எவ்வளவு, எப்போது, எப்படி

இதய நோய் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஸ்டென்ட் வைத்துப் படுத்திருப்பவரைப் பார்க்க வரும் உறவினர் கையில் பெரும்பாலும் சாத்துக்குடி ஜூஸ் இருக்கும். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதும் தெரியும். ஆனாலும் "பழம்தானே" என்பார்கள்.

ஜூஸ் கடையில் கொஞ்சம் நின்று பாருங்கள். மூன்று நான்கு பழங்களைப் பிழிகிறார்கள். சக்கை முழுவதும் கூடைக்குப் போகிறது. டம்ளரில் விழுந்த சாற்றில் இரண்டு கரண்டி சீனி வேறு. அத்தனை பழத்தையும் உரித்துச் சுளை சுளையாகத் தின்னச் சொன்னால் ஒன்றிரண்டிலேயே போதும் என்றுவிடுவோம். நார்ச்சத்தோடு உள்ளே போகும் சர்க்கரை இரத்தத்தில் மெல்ல ஏறும். சாறாகப் போனால் விறுவிறுவென ஏறிவிடும். பழத்தில் இருக்கும் பிரக்டோஸ் என்ற சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால், கல்லீரல் அதைக் கொழுப்பாக மாற்றுகிறது. டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பழச்சாற்றின் சர்க்கரையைச் சீனியோடும் தேனோடும் ஒரே கணக்கில்தான் வைக்கிறது.

ஆகவே முதலில் உங்கள் வீட்டு டம்ளரை அளந்துகொள்ளுங்கள். அளவுக்கோடு போட்ட பால் புட்டி இருந்தால் போதும். 200 மி.லி. ஆரஞ்சுச் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை, அதாவது நான்கு டீஸ்பூன். அதே அளவு திராட்சைச் சாற்றில் 28 கிராம் வரை இருக்கும்; கோலா பானத்தைவிட அது அதிகம். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை யாராக இருந்தாலும் நாளுக்கு 150 மி.லி. போதும் என்கிறது. சீனி சேர்க்காத சாற்றை அந்த அளவில் எப்போதாவது குடிப்பவரை நான் தடுக்க மாட்டேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு அதுவும் வேண்டாம். வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள், சக்கையை வடிகட்டாதீர்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறீர்களா? கொய்யாவோ ஆப்பிளோ முழுதாக வாங்கிப் போங்கள்.

பாக்கெட் வாங்கினால் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். பழ பானம் என்று விற்க நம் நாட்டில் 10 சதவீதச் சாறு இருந்தாலே போதும். "100 சதவீதப் பழச்சாறு" என்ற வாசகத்தை நீக்கும்படி இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையமே 2024இல் உத்தரவிட்டது.

மருந்து விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. கொழுப்புக்கு அடார்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் போன்ற மாத்திரைகள் சாப்பிடுகிறவர்கள் கிரேப்ஃப்ரூட் (திராட்சை அல்ல, ஆரஞ்சு இனத்துப் பழம்), பம்பளிமாஸ் சாற்றைத் தவிர்க்க வேண்டும். குடலில் அந்த மருந்தைச் சிதைக்கும் நொதியை இவை முடக்குவதால், இரத்தத்தில் மருந்தின் அளவு கூடித் தசைகளைப் பாதிக்கலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் சேரும் என்பதால், எந்தச் சாறானாலும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. நட்சத்திரப் பழம் அவர்களுக்கு உயிருக்கே ஆபத்து.

பழச்சாறே மருந்தாகும் நேரமும் ஒன்று உண்டு. இன்சுலின் போட்டவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால், அரை டம்ளர் சாறு, அதாவது 120 முதல் 150 மி.லி., உடனே கொடுங்கள். அப்போது சக்கை வேண்டாம்; வடிகட்டியதுதான் நல்லது. 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். சர்க்கரை நோய்க்கு வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சீனியும் சாறும் சீக்கிரம் வேலை செய்யாது. குளுக்கோஸ் பொடியையே தண்ணீரில் கலக்கிக் கொடுக்க வேண்டும். அவர்கள் வீட்டில் ஒரு பாக்கெட் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108க்குப் போன் செய்யுங்கள்.