தொழிற்கூடத்தில் ஒரு பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிவது எப்படி?

மதுரையின் தொழிற்பேட்டைகளான கப்பலூரிலும் கே.புதூரிலும் சிறு தொழிற்கூடம் நடத்துபவர்கள் கூடிப் பேசினால், பேச்சு விரைவிலேயே ஆட்களைப் பற்றிய குறையில் வந்து நிற்கும்: பொறுப்பில்லை, சொன்னதைக் கேட்பதில்லை, சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள். இதையெல்லாம் குணம் என்று எடுத்துக்கொண்டால் ஆளை மாற்றுவதைத் தவிர வேறு வழி தெரியாது. புதிதாக வந்தவரும் சில மாதங்களில் அதையே செய்யத் தொடங்கினால், அந்த இடத்தின் மேல் எந்தெந்த அழுத்தங்கள் இயங்குகின்றன என்று பார்க்க வேண்டும்.

முதலில், குறையைக் கண்ணால் காணக்கூடிய செயலாக எழுதுங்கள். 'அலட்சியம்' என்று எழுதினால் விசாரிக்க ஒன்றுமில்லை. 'மாதக் கடைசியில், இரவு ஷிப்டில், ரப்பர் பாகங்கள் முழு நேரம் வேகும் முன்பே சூட்டில் அழுத்தும் பிரஸ்ஸிலிருந்து எடுக்கப்படுகின்றன' என்று எழுதினால் விசாரணைக்கு ஒரு தொடக்கம் கிடைக்கிறது. பிறகு, அப்படிச் செய்பவருக்கு என்ன கிடைக்கிறது, செய்யாவிட்டால் என்ன போகிறது என்று கேளுங்கள்.

இந்த எடுத்துக்காட்டையே பின்தொடர்வோம். வாகன நிறுவனத்தின் ஆர்டர் மாதக் கடைசியில் குவிகிறது. இது வெளியிலிருந்து வரும் அழுத்தம், சிறு முதலாளியால் இதைத் தடுக்க இயலாது. ஆர்டர் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சத்தில் அவர் காலையில் சூப்பர்வைசரிடம் 'எத்தனை பீஸ்?' என்று மட்டும் கேட்கிறார். சூப்பர்வைசர் அதே கேள்வியைப் பிரஸ்ஸில் நிற்பவரிடம் கேட்கிறார். அவருக்கோ பீஸ் கணக்கில்தான் கூலி. சரியாக வேகாத ரப்பரும் பெரும்பாலும் பார்வைக்கு நல்லதாகவே தெரியும் என்பதால், வண்டியில் பொருத்தி, அழுத்தம் ஏறி, அமுங்கியது மீளாமல் நின்ற பிறகே குறை வெளிப்படும். அதற்குள் கூலி கொடுத்து முடிந்திருக்கும். வெளி அழுத்தம் நேராக ஆளைத் தொடுவதில்லை. உள்ளே நாம் வைத்திருக்கும் ஏதோ ஒரு விதியின் வழியாகவே அவரிடம் போய்ச் சேர்கிறது. அந்த விதியைத்தான் மாற்ற வேண்டும். கடினத்தன்மைச் சோதனையில் தேறிய பீஸ்களுக்கு மட்டும் கூலி என்று வையுங்கள். டைமர் முடியும்வரை பிரஸ் திறக்காதபடி அமைத்துவிடுங்கள். காலைக் கேள்வியில் 'எத்தனை திரும்பியது?' என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இம்மூன்றில் கடைசியானதற்குச் செலவே இல்லை, ஆனால் முதலாளிகள் அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

சொல்லாமல் விடுப்பு எடுப்பதும் இப்படித்தான். சித்திரைத் திருவிழாவோ சொந்த ஊர்க் கொடையோ நம் கையில் இல்லை. ஆனால் முறையாகக் கேட்டவருக்கு மறுப்பும், கேளாமல் நின்றவருக்கு ஒரு நாள் சம்பளப் பிடித்தமும் மட்டுமே என்றால், கேளாமல் நிற்பதுதான் இலாபம். விழாவுக்கு ஒரு மாதம் முன்பே முறை வைத்து விடுப்பைப் பகிர்ந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

வெளி அழுத்தங்கள் எல்லாம் நமக்கு எதிரானவை அல்ல. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கான தொகையை, ஒப்பந்தத்தில் அதைவிட நீண்ட கெடு இருந்தாலும், 45 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். அதை மீறினால் அந்தச் செலவை, வாங்கிய நிறுவனம் பணம் கொடுத்த ஆண்டில்தான் தன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியும் என்று 2023 நிதிச் சட்டம் வருமான வரியில் சேர்த்தது. வாங்கும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவை அசைக்கக்கூடிய விசை இது. நீங்கள் குறு, சிறு நிறுவனம் என்பதைக் காட்டும் அரசின் உத்யம் பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள்.

வெளி விசையையே உள்ளே கொண்டுவந்தவர்களும் மதுரையில் உண்டு. 1976இல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, கண்புரை அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும் இறக்குமதி லென்ஸின் விலை பெருந்தடையாக இருந்தது. 1992இல் அரவிந்தின் சொந்தத் தயாரிப்புக் கூடமான அரோலேப் தொடங்கப்பட்டு, லென்ஸ் இங்கேயே தயாரானது. சிறு தொழிற்கூடத்துக்கு இந்த அளவு இயலாது. என்றாலும், வெளியே செய்து வாங்கும் ரப்பர் அச்சு (மோல்டு) ஒவ்வொரு முறையும் தாமதமாக வந்து வேலையை நெருக்குகிறதென்றால், அதை உள்ளேயே செய்யும் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

மாற்றங்கள் பல தோன்றினாலும், ஒரு நேரத்தில் ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். இரண்டு மாதக் கடைசிகள் கழியட்டும். எழுதி வைத்த செயல் குறைந்ததா என்று அதே ஷிப்டில் பாருங்கள். எல்லோரிடமும் குறைந்து ஒருவரிடம் மட்டும் தொடர்ந்தால், அப்போது அவரைத் தனியே அழைத்துப் பேசலாம்.