ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் முன் சஸ்பென்ஷன்: பணத்தை எதில் முதலில் போடுவது

சென்னையில் பழைய ஸ்போர்ட்ஸ் காரை உயிர்ப்பிக்க நினைப்பவர்களுக்கு டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் வசதியான வண்டி. 1959-இல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டின் முன் சஸ்பென்ஷன்தான் சிறு மாற்றங்களோடு 1962 முதல் 1980 வரை ஸ்பிட்ஃபயரில் இருந்தது. அந்த ஹெரால்டை இங்கே நம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்தது. அதனால் மேலே ஒரு பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), கீழே பித்தளை ட்ரன்னியன் (உள்மரை போட்ட கட்டை), நடுவில் எஃகு வெர்ட்டிகல் லிங்க் (நிமிர்ந்து நிற்கும் தண்டு) என்ற அமைப்பு இங்குள்ள பழைய மெக்கானிக்குகளுக்குப் புதிதல்ல.

பலர் முதலில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் (சுருக்கமாக ஷாக்) வாங்குகிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் கண்ணுக்கு அழகாக இருப்பவை அவைதான். ஆனால் சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது வெர்ட்டிகல் லிங்க். அது உடைந்தால் சக்கரம் மடிந்து படுத்துவிடும். முதல் பணம் அதற்கும் ட்ரன்னியனுக்கும்தான் போக வேண்டும்.

லிங்க்கின் கீழ்முனை மரை போட்ட தண்டு. அது ட்ரன்னியனுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்த மரையிலேயே சுழலும். அங்கே வேண்டியது ஈ.பி. 90 கியர் ஆயில், கிரீஸ் அல்ல. கிரீஸ் மரையின் அடிவரை இறங்காமல் வழியிலேயே இறுகிவிடும். மேலே உள்ள ரப்பர் வளையம் வழியாக மழைநீர் புகுந்து உள்ளேயே தங்கி எஃகை அரிக்கும். மரை தொடங்கும் இடத்தில், வளையத்துக்குச் சற்றுக் கீழே, துரு ஒரு சிறு பள்ளம் போடும். அங்கிருந்து விரிசல் கிளம்பும். சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டி, நீலாங்கரைப் பக்கம் உப்புக்காற்றில் வருடக்கணக்கில் நின்ற வண்டி என்றால் இதை எதிர்பார்த்தே திறக்க வேண்டும்.

புதுப்பேட்டையில் பழைய லிங்க் கிடைத்தால் விலை பேசும் முன் ட்ரன்னியனைக் கழற்றச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மரை அல்ல. ஒன்று வலது மரை, மற்றது இடது மரை. திரும்பவில்லை என்று குழாய் போட்டு நெம்பினால் நல்ல பாகமும் போய்விடும். கழற்றிய மரையை டீசலில் ஊறவைத்து, பித்தளைப் பிரஷால் தேய்த்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மேல் மூன்று நான்கு மரைகளில் கரும்புள்ளிப் பள்ளம் இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். சுத்தமாக இருந்தாலும் ஒரு சோதனை பாக்கி: வெல்டிங் சாமான் கடைகளில் விற்கும் டை பெனட்ரன்ட் கிட். சிவப்புச் சாயத்தை அடித்துக் காத்திருந்து, துடைத்து, வெள்ளை டெவலப்பரை அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் மயிரிழை போலச் சிவப்புக் கோடு எழும்பும். கோடு தெரிந்த லிங்க்கை வெல்டு வைத்துக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். பட்டறையில் யார் சொன்னாலும் இதில் மட்டும் இணங்க வேண்டாம்.

லிங்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ட்ரன்னியன் புதிதாக இருக்கட்டும். வந்ததும் மாட்டிவிடாமல், உள்ளே ஆயிலை ஊற்றி ஒரு செய்தித்தாள் மேல் இரவு முழுக்க நிறுத்தி வையுங்கள். அடி மூடி கசிந்தால் காலையில் தாளில் வட்டம் இருக்கும். அது திருப்பி அனுப்ப வேண்டிய துண்டு. நல்லது என்றால் லிங்க்கில் கையாலேயே ஏற்றுங்கள். சீராகச் சுழல வேண்டும், ஆட்டினால் ஆடக்கூடாது. கடைசிவரை ஏற்றிய பின் ஒரு சுற்று பின்வாங்குங்கள். இல்லையென்றால் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது மரை முட்டும். குறுக்கே போகும் போல்ட், நைலான் புஷ்ஷின் (போல்ட்டைச் சுற்றி நிற்கும் உறை) நடுவிலுள்ள எஃகு ஸ்லீவோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வது வழக்கம். காப்பர் கிரீஸ் தடவி மாட்டினால் அடுத்த முறை ரம்பம் தேவைப்படாது.

டிரம் பிரேக் உள்ள ஹெரால்டில் டிஸ்க் பிரேக் போடும் எண்ணம் இருந்தால் அதை லிங்க் வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். டிரம் வண்டியின் லிங்க், டிஸ்க் வண்டியின் லிங்க், டிரையம்ஃபின் இன்னொரு காரான ஜிடி6-இன் பெரிய பேரிங் கொண்ட லிங்க் எல்லாம் தூரத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். ஸ்டப் ஆக்சிலில் (சக்கரம் சுழலும் குட்டைத் தண்டு) பேரிங் உட்காரும் இடத்தின் விட்டத்தையும், காலிப்பர் (டிஸ்கைப் பிடிக்கும் பிரேக் பாகம்) பிராக்கெட்டின் போல்ட் துளைகளையும் வெர்னியரில் அளந்து பாருங்கள். ஜிடி6 பக்கம் போவதென்றால் லிங்க், ஹப், டிஸ்க், காலிப்பர் என முழு செட்டாக எடுங்கள். பாதி இது, பாதி அது என்று வாங்கிய சாமான் மூட்டையாகத்தான் கிடக்கும்.

லிங்க்கைச் சேஸியோடு இணைக்கும் கைகளான விஷ்போன்களின் புஷ்கள் இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு. தினசரி ஓட்டத்துக்கு நல்ல ரப்பரே போதும், குழிகளின் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். ரப்பர் போட்டால் போல்ட்டை ஜாக்கில் தொங்கும்போது இறுக்கக்கூடாது. வண்டி தரையில் தன் எடையோடு நின்ற பிறகே இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கிய புஷ் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். பாலியூரிதேன் உறுதியானது, ஆனால் சிலிக்கான் கிரீஸ் இல்லாமல் மாட்டினால் கிறீச்சிடும்.

ஸ்பிரிங்கில் ஒரு கணக்கு இருக்கிறது. ஷாக், விஷ்போனின் முனையில் அல்ல, உள்ளே தள்ளி நிற்கிறது. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, சக்கரத்தை ஜாக்கில் 50 மி.மீ. உயர்த்தி, ஷாக் எவ்வளவு சுருங்குகிறது என்று அளந்து பாருங்கள். 30 மி.மீ. என்று வந்தால் விகிதம் 0.6. அதே விறைப்புள்ள ஸ்பிரிங்கில் 25 மி.மீ. குட்டையானதைப் போட்டால் வண்டி ஏறக்குறைய 42 மி.மீ. இறங்கும். நம் தெருவின் ஸ்பீட் பிரேக்கரில் சைலன்சர் உரச அது தாராளம். விறைப்புக்கு விகிதத்தின் வர்க்கம்: 0.6 என்றால் ஸ்பிரிங்கின் விறைப்பில் 36 சதவீதம்தான் சக்கரத்துக்கு வரும். கடைக்காரர் சொல்லும் எண்ணை அப்படியே நம்பாமல் இப்படிப் பெருக்கிப் பாருங்கள். உயரத்தைக் குறைக்கக் காயிலை கேஸ் கட்டரில் வெட்டுவது இங்கே சகஜம். அந்தச் சூடு எஃகின் டெம்பரைக் கெடுத்துவிடும், சம உயரமும் வராது.

ஷாக்கை ஸ்பிரிங்கோடு கழற்றும்போது மேலே டரெட்டில் (ஷாக்கின் மேல்முனையைத் தாங்கும் பாகம்) உள்ள மூன்று நட்டும் கீழே ஒரு போல்ட்டும் மட்டும்தான். நடு நட்டை ஸ்பிரிங் கம்ப்ரெசர் போடாமல் தொட வேண்டாம், கை போய்விடும். வேறு வண்டியின் ஷாக்கை நீளம் பார்த்துப் பொருத்துபவர்கள் மூடிய நீளத்தைப் பார்ப்பதில்லை. பம்ப் ரப்பர் தொடும் முன்பே ஷாக் அடிமட்டத்தில் முட்டினால் டரெட்டுக்குத்தான் அடி.

போல்ட் விஷயத்திலும் கவனம் வேண்டும். இந்த வண்டியில் யு.என்.எஃப் இஞ்ச் மரை. 5/16 இஞ்ச் என்பது 7.94 மி.மீ.; எம்8 (8 மி.மீ.) போல்ட்டை வைத்தால் ஒன்றிரண்டு மரை பிடிப்பது போல இருக்கும், பிறகு மரை அழியும். பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் மரையைச் சொல்லி, பழைய போல்ட்டையும் கையில் கொடுத்துக் கேளுங்கள். இஞ்ச் போல்ட்டின் தலையில் மூன்று கோடு கிரேடு 5, ஆறு கோடு கிரேடு 8. கோடே இல்லாத போல்ட் சஸ்பென்ஷனுக்கு ஆகாது. நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது) ஒவ்வொரு முறையும் புதியது.

கீழ் விஷ்போன் பிராக்கெட்டுக்கும் சேஸிக்கும் நடுவில் ஷிம்கள் (மெல்லிய தகடுகள்) இருக்கும். எந்தப் பிராக்கெட்டில் எத்தனை என்று கழற்றும்போதே சாக்பீஸால் சேஸியில் எழுதிவிடுங்கள். முன், பின் இரண்டிலும் சமமாகக் கூட்டினால் சக்கரத்தின் அடி வெளியே தள்ளி நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் தலை உள்ளே சாய்வது) கூடும். ஒன்றில் மட்டும் மாற்றினால் காஸ்டரும் (லிங்க்கின் முன்-பின் சாய்வு) நகரும். கேம்பரை முடித்த பிறகே டோ-இன் (சக்கரங்களின் முன்புறம் உள்நோக்கித் திரும்பும் அளவு).

எல்லாம் மாட்டியதும் ட்ரன்னியன் பிளக்கை எடுத்து நிப்பிள் (ஆயில் ஏற்றும் முனை) போட்டு, ஆயிலுக்கென்றே தனியாக வைத்த கன்னால் மேல் வளையத்தில் ஆயில் எட்டிப்பார்க்கும் வரை அடியுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, ஐப்பசி மழைக்கு முன் ஒன்று, மழை ஓய்ந்த பின் ஒன்று. வெள்ளத்தில் இறங்கிய வண்டிக்கு மறுநாளே.