காலை 6.25க்கு ஜப்பான் டிவி முன்னால் நிற்பது எப்படி

ஜப்பானுக்கு வந்த புதிதில், காது பழகட்டுமே என்று காலையில் டிவியைப் போட்டு வைப்பேன். அப்படித்தான் 6.25க்கு, ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் இ-டெலே சேனலில் வரும் 'டெரெபி தைசோ' என்ற உடற்பயிற்சி நிகழ்ச்சி கண்ணில் பட்டது. பத்தே நிமிடம். பியானோ வாசிக்க ஒருவர், சொல்லிக்கொடுக்க ஒருவர், கூடவே செய்து காட்டச் சிலர். 1928இல் ரேடியோவில் ஆரம்பித்த 'ராஜியோ தைசோ' உடற்பயிற்சியின் டிவித் தம்பிதான் இது, 1957லிருந்து வருகிறது.

முதல் வாரம் நாற்காலியில் உட்கார்ந்து செய்பவரைப் பாருங்கள். அது வயதானவர்களுக்கு மட்டும் என்று நினைத்து நான் நின்றுகொண்டே செய்தேன், காலும் கையும் ஆளுக்கொரு பக்கம் போயின. உட்கார்ந்தால் கால் தொல்லை இல்லை, கை வரிசை முதலில் மனதில் ஏறிவிடும். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை: இச்சி, நி, சான், ஷி, கோ, ரோக்கு, ஷிச்சி, ஹச்சி, இந்த எட்டு எண்ணும் காதில் விழுந்தால் போதும், எல்லாமே எட்டு எட்டாகத்தான் போகும்.

ஆரம்பத்தில் வரும் பயிற்சி மாறிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியதுதான். மனப்பாடம் ஆக வேண்டியது 'முதலாம் ராஜியோ தைசோ'. இப்போதைய வடிவம் 1951லிருந்து இருக்கிறது. 13 அசைவுகள், மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். கையை மேலே தூக்கி நீட்டுவது, சுற்றுவது, பக்கவாட்டில் வளைவது, குனிந்து நிமிர்வது எல்லாம் சுலபம். எட்டாவதில்தான் எல்லோரும் மாட்டுவோம்: இடது காலை விரித்தபடி கையை மடக்கித் தோளுக்குக் கொண்டுவர வேண்டும், அங்கிருந்து மேலே நீட்டி, திரும்பத் தோளுக்கு, அப்புறம் காலைச் சேர்த்தபடி கீழே. டிவி ஓடாத நேரத்தில் இதை மட்டும் தனியாக, கால் அசைவை மறந்துவிட்டு, தோள்-மேல்-தோள்-கீழ் என்று வாய்விட்டுச் சொல்லிப் பத்து தடவை செய்யுங்கள். இரண்டே நாளில் வந்துவிடும்.

பதினொன்றாவது குதிப்பது. காலைச் சேர்த்து நாலு, பிறகு விரித்துச் சேர்த்து, விரித்துச் சேர்த்து. இங்கே ஓர் எச்சரிக்கை: மரத்தில் கட்டிய பழைய அபார்ட்மென்டில் நான் தடதடவென்று குதித்ததில், மூன்றாம் நாள் கீழ்வீட்டிலிருந்து ரொம்ப மரியாதையாக ஒரு சீட்டு, கதவு இடுக்கில். அதிலிருந்து கால் விரல் தரையை விட்டுக் கிளம்பாமல் குதிகாலை மட்டும் தூக்கி இறக்குகிறேன். கெண்டைக்கால் அதிலும் நன்றாகவே வலிக்கிறது! குதித்தே ஆக வேண்டும் என்றால் பூங்காவுக்குப் போங்கள். பல ஊர்களில் 6.30 ரேடியோ ஒலிபரப்புக்குக் கூட்டமாகச் செய்கிறார்கள், கோடை விடுமுறையில் குழந்தைகள் கழுத்தில் வருகை அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, முடிந்ததும் முத்திரை குத்த வரிசையில் நிற்பார்கள்.

குனியும்போது முதுகை வெடுக்கென்று இழுக்காதீர்கள், தூங்கி எழுந்த உடம்பு அது. இடது வலது மாறினாலும் நிறுத்த வேண்டாம், அடுத்த எட்டில் சேர்ந்துகொள்ளலாம்.

கடைசியில் வரும் ஆழ்ந்த மூச்சைத்தான் பலரும் விட்டுவிட்டு ஓடுவோம். அதனால் பாலை அடுப்பில் வைத்துவிட்டு டிவி முன்னால் போய் நிற்காதீர்கள், சரியாகப் பதின்மூன்றாவதில்தான் அது பொங்கும்.