புது பைக்கின் முதல் சர்வீஸ்: வீட்டிலேயே ஆயில் மாற்ற

100, 125 சிசி வண்டிகளுக்கு முதல் சர்வீஸ் பெரும்பாலும் 500 முதல் 750 கி.மீ.க்குள் வரும். இலவச சர்வீஸைத் தவறவிட்டால் வாரண்டிக்குச் சிக்கல் வரலாம். முதலில் வாரண்டி புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். அடியில் தட்டு வைத்து, எஞ்சினின் அடியில் ஆயிலை வடிக்க இருக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள்; ஆயில் சுடும், கவனம். வடியும் ஆயிலில் மெல்லிய உலோகப் பளபளப்பு தெரிந்தால் பயம் வேண்டாம், புதுப் பாகங்கள் உரசிப் படியும்போது வருவதுதான். கையில் தட்டுப்படும் துண்டுகள் வந்தால் மட்டும் உடனே ஷோரூமுக்குப் போங்கள்.

வாஷரைப் புதிதாகப் போட்டு, போல்ட்டை முதலில் விரலாலேயே திருகுங்கள். அலுமினிய மரை எளிதில் அழிந்துவிடும். அழிந்தால் செலவு பெரிது. அதனால், சரியான அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வாங்குவது வீண்செலவே அல்ல.

கையேடு சொல்லும் கிரேடு (ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டும் எண்) ஆயிலை ஊற்றுங்கள். ஹீரோ, ஹோண்டாவின் பல வண்டிகளுக்கு 10டபிள்யூ-30. டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' (பைக் கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதைக் காட்டும் தரக்குறி) என்று இருக்க வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். அளவு பெரும்பாலும் ஒரு லிட்டருக்குள்தான், முழு டப்பாவையும் கவிழ்க்காதீர்கள். இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு காட்டும் குச்சி) பாருங்கள்.

செயின் தொய்வு, கிளட்ச் லீவர் ஆட்டம் இரண்டையும் கையேட்டு அளவுக்கு வையுங்கள். புதுச் செயின் சீக்கிரம் தளரும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் மெக்கானிக் கடையில் கொடுங்கள்.