ஆரம்பகால ஜாஸில் பெண்களின் பியானோவைக் கேட்டுப் பழகுவது எப்படி?

ஆரம்பகால ஜாஸ் என்றதும் கன்னத்தை உப்பிக்கொண்டு ட்ரம்பெட் ஊதும் லூயி ஆம்ஸ்ட்ராங்தான் நினைவுக்கு வருவார். அந்த ஊதலுக்கு அடியில் ஒரு பியானோ ஓடிக்கொண்டிருப்பதும், அதை வாசித்தவர் ஒரு பெண் என்பதும் எனக்கு வெகுகாலம் உறைக்கவே இல்லை. காதைப் பழக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஹெட்போன் மட்டும் கட்டாயம். கைபேசியின் ஸ்பீக்கரில் இந்தப் பியானோ கேட்காது.

படி 1: பெயர் சொல்லி அழைக்கும் பதிவிலிருந்து தொடங்குங்கள்

1925 நவம்பரில் சிகாகோவில் ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழு பதிவுசெய்த ‘கட் பக்கெட் ப்ளூஸ்’ இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அதில் ஆம்ஸ்ட்ராங் குழுவினரை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி உசுப்பேற்றுவார். ‘மிஸ் லில்’ என்று அவர் கூவும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அந்த மிஸ் லில்தான் பியானோ வாசிக்கும் லில் ஹார்டின், ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி. அவர் தனியாக வாசிக்கும் பகுதியை மூன்று முறையாவது ஓடவிட்டுக் கேளுங்கள். அந்தத் தொனி மனதில் பதிந்தால்தான் அடுத்த படி கைகூடும்.

படி 2: அதே பதிவில் மற்றவர்கள் ஊதும்போது அவரைத் தேடுங்கள்

கொஞ்சம் சிரமமான படி இதுதான். இந்தக் குழுவில் டிரம்ஸும் இல்லை, பாஸும் இல்லை. தாளம் முழுவதும் பியானோ, பாஞ்சோ என்ற தந்திக் கருவி இரண்டின் தலையில்தான். மேசைமேல் விரலால் நான்கு நான்காகத் தட்டிக்கொண்டே கேளுங்கள். டிராம்போன் நுழைந்ததும் காது அதன் பின்னால் ஓடும். இழுத்துப் பிடித்து விரலோடு நிறுத்துங்கள். ஊதுபவர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் பியானோ தானாகவே மேலே வரும்.

படி 3: 1923-க்குப் பின்னோக்கிப் போங்கள்

லில் அப்போது பியானோ வாசித்த கிங் ஆலிவர் குழு, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில், ஜெனட் இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகள் இவை. மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்பை நோக்கி எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள்; பியானோ அமுங்கிப்போனது. கேட்கவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள், எனக்கும் பாதிதான் கேட்கிறது. லில் வலது கையால் கொஞ்சம் ஓடவிட்டால், குழுவில் ஏற்கனவே கிளாரினெட் இருக்கிறது என்று ஆலிவர் தடுத்துவிடுவாராம். இதை லில் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கேட்டதை அப்படியே செய்து கொடுத்தவரைச் சாதாரண வாசிப்பாளர் என்று எழுதிவைத்தது அநியாயம்.

படி 4: இசைத்தட்டின் லேபிளில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் பெயரைப் படியுங்கள்

ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தைப் புகழின் உச்சியில் ஏற்றிய 1923-ஆம் ஆண்டின் ‘டவுன் ஹார்ட்டட் ப்ளூஸ்’ பாட்டுக்கு மெட்டமைத்தவர் லவ்வி ஆஸ்டின் என்ற பெண் பியானோ கலைஞர். வரிகள் அல்பெர்ட்டா ஹண்டருடையவை. பாடகியின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும், இவர்கள் பெயர் பொடி எழுத்தில். ஆஸ்டினின் வாசிப்பைக் கேட்க, அவருடைய ப்ளூஸ் செரனேடர்ஸ் குழுவோடு பாடகி மா ரெய்னி பாடிய பாரமவுண்ட் நிறுவன இசைத்தட்டுகளைத் தேடுங்கள்.

பிட்ஸ்பர்க் நகரின் ஒரு அரங்கில் ஒரு சிறுமி ஆஸ்டினைப் பார்த்திருக்கிறாள். வாயில் சிகரெட், கால்மேல் கால்; இடது கை நிகழ்ச்சிக்கு வாசித்துக்கொண்டிருக்க, வலது கை அடுத்த நிகழ்ச்சிக்கான இசையை எழுதிக்கொண்டிருந்தது.

படி 5: அந்தச் சிறுமியைக் கேளுங்கள்

அவர் மேரி லூ வில்லியம்ஸ். 1930-இல் அவர் தனியாக வாசித்த ‘நைட் லைஃப்’ பதிவில் இடது கையை மட்டும் பின்தொடருங்கள். அடியில் ஒரு சுரம், நடுவில் ஒரு சுரக்கொத்து என்று அந்தக் கை தாவிக்கொண்டே இருக்கும். பிறகு ஆண்டி கிர்க் குழு 1936-இல் பதிவுசெய்த ‘வாக்கின் அண்ட் ஸ்விங்கின்’. இதில் பியானோவைத் தேட வேண்டாம். சாக்ஸபோன்கள் சேர்ந்து வாசிக்கும் இடங்களைக் கேளுங்கள். அதை எழுதியவரே மேரி லூதான். அந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போன நாட்களில், இடது கையால் வாசித்தபடியே வலது கையால் தானும் எழுதியதாக அவர் சொல்லியிருக்கிறார்.