தொழிலும் வேண்டும், பயமும் கூடாது: ஊருக்குத் திட்டம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளாட்சித் தேர்தல் வந்தால் எந்த ஊரிலும் இரண்டு கோரிக்கைகள் தவறாமல் எழும். ஊருக்குத் தொழில் வர வேண்டும் என்பது ஒன்று. இரவில் பயமில்லாமல் நடமாட முடிய வேண்டும் என்பது இன்னொன்று. மனுவில் இவை தனித்தனி வரிகள், அரசிலும் தனித்தனித் துறைகள், தனித்தனிக் கோப்புகள். தெருவில் இறங்கிப் பார்த்தால் அந்தப் பிரிவினை கிடையாது. பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன என்பது என் எண்ணம்.

ஸ்ரீபெரும்புதூரை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆலையை வரவழைக்க நிலம், மின்சாரம், தண்ணீர், சாலை, வரிச்சலுகை என்று மாநில அரசுகள் விரல்விட்டுக் கணக்குப் போடும். அங்கே வேலைக்கு வரப்போகும் பெண்கள் எங்கே தூங்குவார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது. அது ஒப்பந்தக்காரர் பாடு என்று விட்டுவிடுவார்கள். 2021 டிசம்பரில், ஆப்பிளுக்காக ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் ஊழியர்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இருநூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாத நிலையில் வதந்தி பரவியது. பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை வாரக்கணக்கில் மூடிக்கிடந்து, 2022 ஜனவரி 12 அன்றுதான் மறுபடி திறந்தது. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லி, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2024 ஆகஸ்டில் அதே பகுதியிலுள்ள வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் அதை ஆலையோடு சேர்த்தே யோசித்திருக்க வேண்டும்.

சரி, உங்கள் ஊருக்குப் பக்கத்தில் சிப்காட் வரப்போகிறது, அல்லது பனியன் கம்பெனிகள் பெருகுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்கு வேலை என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். பெண்கள் தங்கும் விடுதிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2014இல் இருந்து தனிச்சட்டமே இருக்கிறது. உங்கள் ஊர் விடுதிகளில் எத்தனை உரிமம் பெற்றவை என்று கேட்கலாம். அப்புறம், இரவு ஷிப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது, கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்குப் போகிறது என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது பஸ் இல்லையென்றால் இலவசப் பயணத்தால் என்ன பயன்?

அடுத்தது, எல்லா ஊரிலும் நடக்கும் தவறு: பஜாரைச் 'சுத்தம்' செய்வது. ஒருநாள் காலையில் போலீஸ் பாதுகாப்போடு ஜேசிபி வரும். தரைக்கடை, தள்ளுவண்டி எல்லாம் போகும். ஆக்கிரமிப்பு அகற்றம் என்று மறுநாள் செய்தி வரும். ஒரு மாதத்துக்குள் பாதிக் கடைகள் திரும்பி வந்துவிடும், இந்த முறை மாமூல் கூடுதலாக. நடைபாதை முழுவதையும் கடைகள் அடைத்தால் வயதானவர்கள் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது என்பது உண்மை, அதை மறுக்கவில்லை. அதற்கு வழி 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்திலேயே இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து, வியாபாரிகளுக்குச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. தெரு வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும். இடம் மாற்றினால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பறிமுதல் செய்த பொருள் அழுகக்கூடியது என்றால், வியாபாரி கேட்ட அன்றைக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இயங்கும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து, இருந்த இடத்திலேயே விட வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. கவுன்சிலரிடம் இந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டுப் பாருங்கள், முகத்தைப் பார்த்தாலே பதில் தெரியும்.

இதில் பாதுகாப்புக்கு என்ன வேலை என்று தோன்றலாம். இரவு பத்து மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் தனியாக நிற்கிறாள் என்றால், பக்கத்தில் எரியும் இட்லிக் கடை விளக்கும் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நாலு பேரும்தான் அவளுக்குத் தைரியம். அந்தக் கடையைத் தூக்கிவிட்டு, அதே கம்பத்தில் கேமரா மாட்டி, பாதுகாப்பு பலப்படுத்தப்பட்டது என்று அறிவிப்பது எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. நடந்த குற்றத்தைத் துப்புத்துலக்க அது பெரிய உதவி. ஆனால் அதைத் திறந்து வைப்பதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. மழைக்காலத்தில் பழுதானால் யார் சரி செய்வது, கேபிளுக்குப் பள்ளம் தோண்டி ஒயரை அறுத்தால் யார் பொறுப்பு, பதிவு எத்தனை நாள் இருக்கும்? பராமரிப்புக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்காத கேமரா, கம்பத்துக்குப் போட்ட நகைதான்.

இருக்கும் பிரச்சினையை அடுத்த தெருவுக்குத் தள்ளிவிட்டுத் தீர்வு என்று பெயர் வைப்பது இன்னொரு வகை. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி நடக்கும் விபத்துகளைக் குறைப்பதே நோக்கம். தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான டாஸ்மாக் கடைகள் 2017 ஏப்ரலில் மூடப்பட்டன. அவற்றுக்கு மாற்று இடம் எங்கே தேடினார்கள்? குடியிருப்புகளுக்குள். ஊர் ஊராகப் பெண்கள் மறியலில் இறங்கினார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படிப் போராடிய ஒரு பெண்ணைக் காவல்துறை அதிகாரி அறைந்த காட்சி நாடெங்கும் பரவியது. நெடுஞ்சாலையின் ஆபத்தைக் கணக்கிட்டவர்கள் அந்தத் தெருவில் வசிப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புள்ளிவிவரத்திலும் ஒரு குழி இருக்கிறது. 2020இல் நாட்டில் பதிவான குற்றங்கள் முந்தைய ஆண்டைவிட 28 சதவீதம் கூடின என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொன்னது. நாடு ஒரே வருடத்தில் அவ்வளவு கெட்டுப்போனதா? இல்லை. ஊரடங்கை மீறியதற்காக இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவில் போட்ட வழக்குகள் சுமார் 29 ஆயிரத்திலிருந்து ஆறு லட்சத்துக்கு மேல் ஏறின. அதேபோல, பெண்கள் துணிந்து புகார் கொடுக்கும் ஊரில் வழக்கு எண்ணிக்கை கூடத்தான் செய்யும். 'வழக்குகளைக் குறைப்போம்' என்று காவல் நிலையத்துக்கு இலக்கு வைத்தால், புகாரை வாங்காமல் திருப்பி அனுப்புவதுதான் அதற்குச் சுலபமான வழி.

கடைசியாக, தவறான கதவைத் தட்டுவது. காவல்துறை மாநில அரசின் கையில் இருக்கிறது. மேயரோ ஊராட்சித் தலைவரோ ரோந்துக்கு உத்தரவு போட முடியாது. ஆனால் தெருவிளக்கு அவர்கள் பொறுப்பு. சாலை ஊராட்சியுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா, மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதா, தேசிய நெடுஞ்சாலையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் வேகத்தடை கேட்ட மனு மேசைக்கு மேசை அலையும். கிராமசபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே பொத்தாம்பொதுவாகப் பாதுகாப்பு வேண்டும் என்று பேசினால் யாரும் எதையும் எழுதிக்கொள்ள மாட்டார்கள். எந்தத் தெருவில் எத்தனை விளக்கு எரியவில்லை, கடைசி பஸ் எத்தனை மணிக்குத் தேவை என்று எழுதி எடுத்துப் போய், தீர்மானப் புத்தகத்தில் அது ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.