கோனாவில் மார்லின் பிடிக்க ஒரு நாள்

ஈட்டி போன்ற மூக்குள்ள பெரிய கடல்மீனான மார்லினைப் பிடிக்க, ஹவாயின் பெரிய தீவில் கோனா கரைக்கு ஒரு தனி வசதி உண்டு, ஆழ்கடலைத் தேடி மணிக்கணக்கில் ஓட வேண்டியதில்லை, ஹோனோகோஹாவ் துறைமுகத்திலிருந்து சில மைல் போனாலே ஆழம் 1,000 மீட்டரைத் தாண்டிவிடும். 4,169 மீட்டர் உயர மௌனா லோவா எரிமலையும் பக்கத்திலுள்ள ஹுவாலலாய் எரிமலையும் வடகிழக்குக் காற்றை மறிப்பதால் கடலும் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். அதை நம்பி வாந்தி மாத்திரையை மறந்துவிடாதீர்கள், கிளம்பும் முன்பே போட்டால்தான் பலன்.

பிடிபடும் மீன் யாருக்கு என்று படகு பேசும்போதே கேளுங்கள். அங்கே பல படகுகளில் அது படகுக்காரருக்குத்தான். அப்புறம், வாழைப்பழம் எடுத்துப் போகாதீர்கள், ராசியில்லை என்று உண்மையிலேயே நம்புகிறார்கள்.

மீன் கடித்ததும், தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் ரீல் அலறும். பதறாமல் நாற்காலியில் உட்காருங்கள், மற்ற தூண்டில்களைப் படகாட்கள் இழுத்துவிடுவார்கள். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது சுற்றவே கூடாது, ஓட விடுங்கள், அது நின்றதும் தூண்டில் கம்பை மெதுவாகத் தூக்கி, இறக்கிக்கொண்டே சுற்றுங்கள். கையை விடக் காலும் இடுப்பும்தான் வேலை செய்ய வேண்டும். பன்னாட்டுச் சாதனைக் கணக்கில் சேர வேண்டுமானால் மீன் வந்து சேரும்வரை வேறு யாரும் கம்பைத் தொடக்கூடாது.

படகருகே வந்ததும் கொக்கியை ஒட்டிய கடைசி நரம்பைப் படகாள் பிடிக்கட்டும், நீங்கள் கை வைத்தால் விரல் போய்விடும். என்னைக் கேட்டால் மார்லினை விட்டுவிடுவதே நல்லது. படத்துக்காக மேலே தூக்காமல் தண்ணீரிலேயே பிடித்து, படகை மெல்ல முன்னால் நகர்த்தினால் செவுளில் நீர் ஓடி அதற்கு உயிர் திரும்பும்.